அடபலீன் ஜெல் போடும் முறை: முதல் இரவிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை

மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு இது பழகிய காட்சி. பத்து நாளைக்கு முன் பரு ஜெல் வாங்கிப்போன பிள்ளை கன்னமெல்லாம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்து, பாதி காலியான ட்யூப்போடு வந்து நிற்கும். "அக்கா, இது எனக்கு ஒத்துக்கலை. வேற ஏதாவது குடுங்க."

எப்படிப் போட்டாய் என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். காலையும் இரவும், முகம் கழுவிய கையோடு, பரு இருக்கும் இடத்தில் கெட்டியாக. மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. அளவும் வரிசையும்தான் தவறிவிட்டன. நானும் கல்லூரிக் காலத்தில் இதையே செய்து, அக்கா கல்யாணத்தில் உரிந்த முகத்தோடு போய் நின்றவள்தான்.

இங்கே சொல்வது அடபலீன் 0.1 சதவீத ஜெல்லைப் பற்றி. ரெட்டினாய்டு வகையில், அதாவது வைட்டமின் ஏ சார்ந்த மருந்துகளில், ஓரளவு சாதுவானது இது. அமெரிக்காவில் 2016 முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சீட்டில்லாமலேயே விற்கிறார்கள். நம் ஊரில் தோல் டாக்டர் எழுதித் தருவதே வழக்கம். டாக்டர் சொன்ன முறை வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அவர் அவசரத்தில் சொல்லாமல் விட்டவற்றுக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. முதலில், இது பருதானா என்று பாருங்கள்

முகப்பரு என்றால் பல வகை கலந்து இருக்கும். மூக்கில் கரும்புள்ளி, நெற்றியில் தோலுக்கடியில் ரவை போல் நெருடும் மேடுகள், கன்னத்தில் சிவந்த பரு, ஒன்றிரண்டில் சீழ். இப்படிக் கலவையாக இருந்தால் அடபலீன் பொருத்தமான மருந்து.

எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிப்போடு, நெற்றி ஓரம், மார்பு, முதுகு என்று பரவி, வியர்த்தால் கூடுகிறதா? அது தோலில் வாழும் ஒருவகை ஈஸ்ட்டால் வரும் கொப்புளமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து. அடபலீனை மூன்று மாதம் தடவிவிட்டு ஏமாந்தவர்களில் சிலர் இந்த வகைதான்.

நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்தில் மட்டும் பரு இருந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் எண்ணெய் வைத்து அலசிவிட்டு ஒரு மாதம் பாருங்கள். அதிலேயே பாதி குறைந்தால் மருந்துச் செலவு மிச்சம்.

2. ட்யூப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

பிராண்டுப் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள். அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. ட்யூப்பின் வாலை உருட்ட உருட்ட எழுத்து அழிந்துவிடும்.

அடபலீன் மட்டும் என்றால் சரி. அடபலீனோடு கிளிண்டமைசின் சேர்ந்தது ஒரு வகை, பென்சாயில் பெராக்சைடு சேர்ந்தது இன்னொரு வகை. மூன்றும் வேறு வேறு மருந்துகள். தோழிக்கு எழுதிய கலவையை நீங்கள் வாங்கினால் இந்த வழிகாட்டியின் நாள்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கிளிண்டமைசின் ஆன்டிபயாடிக். அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போட்டால் பருக் கிருமி பழகிக்கொள்ளும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. அதனால்தான் டாக்டர்கள் அதோடு பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஜெல் இரண்டு எழுதியிருந்தால், ஒன்று போதும் என்று நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

இனி முக்கியமான எச்சரிக்கை. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன், குளோபெட்டசால், ஃபுளுவோசினோலோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கென்று அதை முகத்தில் தடவக் கூடாது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற பெயர்களுக்கு நடுவே மொமெட்டசோனும் உட்கார்ந்திருக்கும் மூன்று மருந்துக் கலவைதான் ஊரெல்லாம் "முகம் வெளுக்கிற க்ரீம்" என்று கைமாறுகிறது.

இதில் சிக்கல் என்னவென்றால் முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சிவப்பு அடங்கும், முகம் பளிச்சென்று ஆகும். போகப்போகத் தோல் மெலிந்து, மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும். கன்னத்தில் பூனைமுடி வளரும். புதிதாகப் பரு வரும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவுவார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை எச் அட்டவணையில் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சொன்னது. இருந்தும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று கேட்டு வருபவர்கள் குறையவில்லை.

ஏற்கனவே மாதக்கணக்கில் அதைத் தடவி வந்தவர்கள் அடபலீனை இப்போது தொடங்காதீர்கள். மெலிந்த தோலில் அது நெருப்பு. முதலில் தோல் டாக்டரிடம் போய் ஸ்டீராய்டிலிருந்து வெளியே வரும் வழியைக் கேளுங்கள்.

3. யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களுக்கும் ரெட்டினாய்டு எதுவும் வேண்டாம். தெரியாமல் போட்டுவந்த நிலையில் கர்ப்பம் உறுதியானால் நிறுத்திவிட்டு மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள். தோல்வழி உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு. பதறத் தேவையில்லை, மறைக்கவும் தேவையில்லை. பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள், முகத்தில் எக்ஸிமா உள்ளவர்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோரும் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

ஆழத்தில் கட்டி போல் வலிக்கும் பரு, குழித்தழும்பு விழ ஆரம்பித்த முகம் இவற்றுக்கு ஜெல்லை மட்டும் நம்பி மூன்று மாதம் காத்திருப்பது நஷ்டம். தழும்பு விழுந்த பிறகு அதைச் சரிசெய்வது பருவைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம். மாதவிடாய் தள்ளித்தள்ளிப் போய், தாடையில் முடியும் பருவும் சேர்ந்து வந்தால் உள்ளே ஹார்மோன் காரணம் இருக்கலாம். அதையும் பார்த்தாக வேண்டும்.

4. ஜெல்லுக்கு முன் வாங்க வேண்டிய மூன்று

மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை குறைந்த மாய்ஸ்சரைசர், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன். கையில் பணம் குறைவென்றால் முதலில் இந்த மூன்றையும் வாங்கிவிட்டு, ஜெல்லை அடுத்த மாதம் வாங்குங்கள். ஜெல்லை மட்டும் வாங்கிப்போகிறவர்கள்தான் பத்தாம் நாள் திரும்பி வருகிறார்கள்.

சாதாரணக் குளியல் சோப்பில் காரம் அதிகம். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. கழுவிய பின் முகம் இழுத்துப்பிடித்தது போல் இருந்தால் அந்தச் சோப்பு முகத்துக்கு ஆகவில்லை என்று பொருள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இது இன்னும் மோசம்.

"எண்ணெய் வழியற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதுக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. மருந்து தோலின் மேற்பரப்பைத் தளர்த்தும்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். எண்ணெய் வழிந்துகொண்டே உரிந்தும் போகும் முகங்களைப் பார்த்திருக்கிறேன். ஜெல் வடிவில் லேசான மாய்ஸ்சரைசர் கிடைக்கிறது, அது போதும். பெட்டியில் "நான்-காமெடோஜெனிக் (non-comedogenic)" என்று இருக்கிறதா பாருங்கள்; துளையை அடைக்காது என்று அர்த்தம்.

அதே நாளில் அலமாரியிலிருந்து எடுத்துவைக்க வேண்டியவையும் உண்டு. கடலைமாவு, வால்நட் தூள் போன்று தேய்க்கும் எல்லாம். எலுமிச்சைச் சாறு, பேக்கிங் சோடா, டூத்பேஸ்ட். ஆல்கஹால் கலந்த டோனர். சாலிசிலிக் அமிலம், கிளைகாலிக் அமிலம் உள்ள சீரம். வைட்டமின் சி சீரம் பிடித்தமானது என்றாலும் முதல் இரண்டு மாதம் ஓய்வு கொடுங்கள். பாட்டி சொன்ன மஞ்சளுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

5. ஒரு வாரம் ஜெல் இல்லாமல் நடத்துங்கள்

யாரும் செய்யாத படி இதுதான். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மூன்றை மட்டும் ஏழு நாள் பயன்படுத்துங்கள். சன்ஸ்கிரீன் கண்ணை எரிக்கிறதா, மாய்ஸ்சரைசரால் பரு கூடுகிறதா என்பது அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். நான்கையும் ஒரே நாளில் தொடங்கினால் பழி எப்போதும் ஜெல்மேல்தான் விழும்.

முதல் நாள் ஜன்னல் பக்கம் நின்று, நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் மூன்று படங்கள் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகத்தில் மெதுவான மாற்றம் கண்ணில் படாது.

6. மூன்று இரவுச் சோதனை

தாடை ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் மிக மெல்லிசாகப் போட்டு, மூன்று இரவு பாருங்கள். லேசான சிவப்பு, சின்ன எரிச்சல் இருந்தால் தொடரலாம். வீங்கினால், கொப்புளம் வந்தால், தடிப்பு தடிப்பாகக் கிளம்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது மருந்தின் வழக்கமான எரிச்சலாக இல்லாமல் ஒவ்வாமையாக இருக்கலாம்.

7. இரவு வரிசை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

முகம் கழுவுங்கள். ஒரு முறை, சாதாரணத் தண்ணீரில், விரல் நுனியால். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

காத்திருங்கள். இருபது நிமிடம். ஈரத்தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். எரிச்சலும் அதற்கேற்பக் கூடும். சாப்பிடும் முன் முகம் கழுவிவிட்டு, சாப்பாடு முடித்து, பாத்திரத்தை ஒழித்துப்போட்டுவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும். படுக்கையில் விழும் கடைசி நிமிடத்துக்கு இதை ஒதுக்கினால் காத்திருக்கப் பொறுமை இருக்காது. நான் கெட்டது அப்படித்தான்.

ஓரங்களுக்குக் காவல் போடுங்கள். மூக்கின் இரு ஓரம், வாயின் இரு ஓரம், கண்ணின் வெளிமுனை இந்த இடங்களில் துளி பெட்ரோலியம் ஜெல்லி. ஜெல் இரவில் மெல்ல நகர்ந்து தோல் மடிப்புகளில் தேங்கும். முதலில் வெடிக்கும் இடங்கள் இவைதான்.

முதல் மாதம் முழுக்க, முகத்தில் மெல்லிசாக மாய்ஸ்சரைசர் போடுங்கள். அது உலர்ந்த பின் மருந்து. மாய்ஸ்சரைசருக்கு மேல் போட்டால் மருந்து உள்ளே போகாதே என்று கவலை வேண்டாம். கொஞ்சம் மெதுவாகப் போகும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

மருந்தின் அளவு ஒரு பட்டாணி. ஊறவைத்த பட்டாணி இல்லை, காய்ந்த பட்டாணி. முகம் முழுவதற்கும் அவ்வளவுதான். ஏறக்குறைய கால் கிராம் வரும். அந்தக் கணக்கில் 15 கிராம் ட்யூப் அறுபது இரவுக்குக் காணும். பதினைந்து நாளில் ட்யூப் தீர்ந்தால் நான்கு மடங்கு போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டாணியை நெற்றி, இரண்டு கன்னம், மூக்குத்தண்டு, தாடை என்று ஐந்து பொட்டாக வைத்து, பிறகு பரப்புங்கள். ஒரே இடத்தில் பிதுக்கிப் பரப்பினால் அந்த இடம் மட்டும் வெந்துபோகும். கண் இமை, உதடு, மூக்கின் உட்பக்கம், புண் இருக்கும் இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

பருவின்மேல் மட்டும் வைக்கலாமா என்றால், கூடாது. இன்று கண்ணுக்குத் தெரியும் பரு சில வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் தொடங்கிவிட்டது. துளையின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் எண்ணெயோடு ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. அந்த அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அடபலீனின் முக்கிய வேலை. அடுத்த மாதப் பரு எங்கே கிளம்பப்போகிறது என்று நமக்குத் தெரியாது. அதனால் பரு வரும் பகுதி முழுக்கப் போட வேண்டும். நேற்று வந்த ஒற்றைப் பருவை நாளைக்குள் அமுக்க இது உதவாது.

கடைசியில் கையைக் கழுவுங்கள். உறக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினால் தெரியும்.

8. எத்தனை நாளைக்கு ஒருமுறை

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டே இரவு. திங்கள், வியாழன் என்று நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. மூன்றாம், நான்காம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஐந்தாம் வாரத்தில் எரிச்சல் இல்லையென்றால் தினமும் இரவு. மருந்து இல்லாத இரவுகளில் மாய்ஸ்சரைசர் மட்டும்.

சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கடைசிவரை ஒத்துவரும். அதில் தோல்வி ஒன்றுமில்லை. தினமும் போட்டு, உரிந்து, பத்து நாள் நிறுத்தி, மறுபடி தொடங்குகிறவரைவிட இவருக்குப் பலன் சீக்கிரம் கிடைக்கும்.

ஒரு இரவு மறந்தால் விட்டுவிடுங்கள். மறுநாள் இரட்டை அளவு வேண்டாம்.

நம் தோல் நிறத்துக்கு இந்த நிதானம் ரொம்ப அவசியம். மாநிறத்திலும் கறுப்பிலும் எரிச்சல் வந்த இடம் ஆறும்போது கறுத்த தடத்தை விட்டுப்போகும். பருவால் வந்த தடத்தோடு மருந்தின் எரிச்சலால் வந்த தடமும் சேர்ந்தால் முகம் தொடங்கியதைவிட மோசமாகத் தெரியும். "சீக்கிரம் போகட்டும்னு ரெண்டு வேளை போட்டேன்" என்றவர்களுக்கு ஐந்து மாதம் கூடுதலாக ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

9. காலையில்

எண்ணெய் வழியாவிட்டால் தண்ணீரில் மட்டும் கழுவினால் போதும். பிறகு மாய்ஸ்சரைசர், அப்புறம் சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்கு ஒரு கோடு வீதம் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு. மருந்தில் கஞ்சத்தனம், சன்ஸ்கிரீனில் தாராளம். மக்கள் சரியாகத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடபலீன் போட்ட தோல் வெயிலை முன்பு போலத் தாங்காது. கறுத்த தடங்களும் வெயில் பட்டால் அடர்ந்துகொண்டே போகும். நேராக வெயிலில் நிற்கும் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். முடியாவிட்டால் துப்பட்டாவோ தொப்பியோ குடையோ இருக்கட்டும்.

வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டின் தாடை வாரையும் உள் பஞ்சையும் வாரம் ஒருமுறை துடையுங்கள். வார் உரசும் இடத்தில் மட்டும் அடங்காத பரு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தலையணை உறைக்கும் இதே கணக்கு.

10. எரிச்சல் வந்தால்

எது வழக்கம்? போட்டவுடன் சில நிமிடம் சுருசுருவென்று இருப்பது, லேசான சிவப்பு, வாய் ஓரத்தில் பொடிப்பொடியாகத் தோல் உரிவது. இரண்டாம் வாரத்தில் கூடி, நான்காம் வாரத்துக்குள் அடங்கும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், தேய்த்தும் எடுக்காதீர்கள்.

தண்ணீர் பட்டாலே எரிகிறது, மாய்ஸ்சரைசரே காந்துகிறது என்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். மருந்தை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்துங்கள். கழுவுவது, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். எரிச்சல் முழுக்கப் போன பிறகு வாரம் இரண்டு இரவிலிருந்து மறுபடி. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டாம்.

மாய்ஸ்சரைசருக்கு மேல் போட்டும் தாங்காதவர்கள் மருந்துக்கு மேலேயும் ஒரு பூச்சு மாய்ஸ்சரைசர் போடலாம். அல்லது மருந்தைப் போட்டு அரை மணி நேரத்தில் கழுவிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தை நீட்டிக்கொண்டே போகலாம்.

முகமோ உதடோ இமையோ வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றி மயக்கம் வருவது இவை எரிச்சல் கணக்கில் சேராது. உடனே கழுவிவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

11. மூன்றாம் வாரத்தில் பரு கூடுகிறதே?

கூடலாம். உள்ளே ஏற்கனவே அடைத்துக்கிடந்தவை சீக்கிரம் மேலே வருகின்றன. வழக்கமாகப் பரு வரும் இடங்களிலேயே, சிறிது சிறிதாக, ஒரு மாதம் போல் இருந்துவிட்டு இறங்கினால் பயமில்லை. பெரும்பாலோர் ட்யூப்பை வீசும் வாரம் இதுதான்.

இதுவரை பரு வராத இடத்தில் கொத்தாகக் கிளம்பினால், வலிக்கும் கட்டிகள் வந்தால், ஆறு வாரம் தாண்டியும் கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எட்டு வாரத்தில் புதுப் பருவின் எண்ணிக்கை குறைவது தெரிய வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் முதல் நாள் எடுத்த படங்களை எடுத்து ஒப்பிடுங்கள். இந்தப் பன்னிரண்டை நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்கிய வாரத்திலிருந்து எண்ணச் சொல்வேன்; அதற்கு முந்தைய இரண்டு வாரம் தோலைப் பழக்கியதோடு சரி.

ஒப்பிடும்போது பருவையும் தடத்தையும் பிரித்துப் பாருங்கள். தட்டையான கறுப்பு, பழுப்புப் புள்ளிகள் போன பருவின் தடங்கள். அவை மறைய மாதங்கள் ஆகும். "மருந்து வேலை செய்யலை" என்று வந்த ஒரு பெண்ணின் முகத்தில் புதுப் பரு ஒன்றுகூட இல்லை. வெறும் தடங்கள்.

12. பென்சாயில் பெராக்சைடு சேர்ப்பதென்றால்

சிவந்த பருவும் சீழும் அதிகமுள்ளவர்களுக்கு அடபலீன் மட்டும் போதாமல் போகலாம். பென்சாயில் பெராக்சைடு பருக் கிருமியைக் கொல்லும். கிருமி அதற்குப் பழகுவதில்லை. 2.5 சதவீதம், 5, 10 என்று கிடைக்கும். 2.5 போதும். அளவு கூடினால் பலன் பெரிதாகக் கூடாது, எரிச்சல் நிச்சயம் கூடும்.

ஆறு வாரம் அடபலீன் பழகிய பிறகு, காலையில், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். பயமாக இருந்தால் அதே மருந்து உள்ள ஃபேஸ்வாஷ் வாங்கி, முகத்தில் ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவலாம். இரண்டு மருந்தையும் ஒரே வாரத்தில் புதிதாகத் தொடங்குவதுதான் இங்கே நடக்கும் தவறு.

இது துணியை வெளுக்கும். கறை இல்லை, சாயமே போய்விடும். பட்டுப்புடவை, பள்ளிச் சீருடைக் காலர், நீலத் துண்டு எதுவும் தப்பாது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் இந்த மருந்து கெட்டு வேறு பொருளாக உடையும். வண்டிப் பெட்டியிலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைக்க வேண்டாம்.

13. த்ரெடிங், ஷேவிங், கல்யாணம்

அடபலீன் போடும் முகத்தில் வாக்ஸிங் கூடவே கூடாது. முடியோடு தோலும் வரும். மேலுதட்டில் த்ரெடிங் செய்வதென்றால் ஐந்தாறு நாள் முன்பே அந்த இடத்தில் மருந்தை நிறுத்தி, செய்த பிறகும் இரண்டு நாள் விடுங்கள். பார்லரில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். ப்ளீச், ஆவி பிடித்துப் பரு பிதுக்கும் ஃபேஷியல் இரண்டும் வேண்டாம்.

ஆண்கள் காலையில் ஷேவ் செய்து இரவில் மருந்து போடுங்கள். ஷேவ் செய்த சூட்டில் போட்டால் எரியும். ஆஃப்டர் ஷேவ் லோஷனை நிறுத்துங்கள்.

வீட்டில் கல்யாணம் ஒரு மாதத்தில் என்றால் இப்போது தொடங்காதீர்கள். உரியும் வாரமும் முகூர்த்தமும் ஒன்றாக வந்து விழும். குறைந்தது மூன்று மாதம் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் கல்யாணம் முடிந்து தொடங்கலாம்.

14. தெளிந்த பிறகு

முகம் தெளிந்தவுடன் நிறுத்தினால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய கதை திரும்பும். துளையை அடைக்கும் பழக்கம் தோலை விட்டுப் போவதில்லை; மருந்து அதைத் தடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். தினமும் போட்டவர் ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு இறங்குங்கள். இரண்டு மாதம் அமைதியாக இருந்தால் வாரம் இரண்டு மூன்று இரவு. பரு மறுபடி தலைகாட்டினால் முந்தைய படிக்கு ஏறுங்கள். எவ்வளவு காலம் என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும்.

ட்யூப் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள், அதே மருந்து, அதே சதவீதம்தானா என்று பார்த்து. தீர்ந்துபோய், தேர்வு வந்து, ஊருக்குப் போய், ஒரு மாதம் இடைவெளி விழுந்துவிட்டால் தோல் பழக்கத்தை மறந்திருக்கும். அப்போது நேராகத் தினசரிக்குப் போகாமல் திங்கள், வியாழனிலிருந்தே தொடங்குங்கள்.